இரண்டு குழாயிலும் ஒரே சூடு

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் கிடையாது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும், பிறகு தலவாக்கலையில் இரண்டு வருஷம், அத்தோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் இப்படி வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரைப் பற்றி வேறு யாராவது எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் சிலர் இங்கேயும் சிலர் திருச்சிப் பக்கமும் இருக்கிறார்கள். எங்களுக்கெல்லாம் அவர் டிரைவரண்ணே.

நான் அப்போது டயகமப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் சில கட்டில்கள், ஒரு மருந்தறை, பின்னால் ஒரு அடுப்படி. மருந்து கொடுக்கிறவரை டாக்டர் ஐயா என்போம். ஆஸ்பத்திரிக்கு ஒரு கறுப்புக் கார் இருந்தது. தோட்டத்துப் பெரிய துரை புதுக் கார் வாங்கியபோது பழையதை நோயாளிகளை ஏற்றிப் போக என்று விட்டுவிட்டார். காரோடு டிரைவரண்ணையும் விட்டுவிட்டார் என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசுவார்கள்.

அவருடைய முகம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. கைதான் ஞாபகம். அகலமான உள்ளங்கை, நகக் கண்களில் கிரீஸ் கறுப்பு. எதையும் அந்தக் கையை வைத்துப் பார்க்காமல் அவர் நம்பமாட்டார்.

தேத்தண்ணி கொடுத்தால் கிளாசைச் சுற்றிக் கையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "தங்கச்சி, இது அடுப்புல இருந்து இறக்கி நேரமாச்சுது" என்று திருப்பித் தருவார். ஆவி பறக்கும், ஆனாலும் திருப்பித் தருவார். நான் மறுபடி சூடாக்கிக் கொடுப்பேன். அடுப்படிக்குள் வந்தால் சுவரைத் தொடுவார். பஸ் வந்து நின்றால் யாரோ ஒருவருடைய பஸ்ஸாக இருந்தாலும் டயரைத் தொட்டுப் பார்ப்பார்.

"எதுக்குண்ணே இப்படித் தொட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்று ஒரு தடவை துணிந்து கேட்டேன்.

"கையை வைக்காம எனக்குச் சொல்லத் தெரியாது தங்கச்சி. மத்தவங்களுக்குப் பார்த்தா தெரியுது. எனக்குத் தெரியலையே."

அவர் சம்சாரம் வாயாடி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாரும் கேட்கச் சொல்லும்: "கல்யாணத்தன்னிக்கு ஐயரு தாலியை நீட்டுறாரு. இந்த மனுசன் அதை வாங்கி உள்ளங்கையில வச்சு அழுத்திப் பார்த்துட்டுத்தான் என் கழுத்துல கட்டுச்சு. தங்கம் சூடா இருக்கா ஆறிருச்சான்னு பார்த்திருக்கும்போல." பெண்கள் சிரிப்பார்கள். அவரைக் கண்டால், "டிரைவரண்ணே, எங்க மாமியா கோவம் எம்புட்டுச் சூடுன்னு கொஞ்சம் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அவரும் சும்மா இருக்கமாட்டார். "கை வெந்து போயிரும், அப்புறம் ஸ்டேரிங்கை யாரு பிடிக்கிறது?" என்று போய்க்கொண்டே இருப்பார்.

எல்லாரும் சிரித்த கதை மட்டும் இல்லை. மேட்டு லயத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். தப்புக்காரர்கள் வந்து தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இவர் போய்க் காலடியில் உட்கார்ந்து கிழவரின் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடு இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். கிழவரின் மகள் தகப்பனை உலுக்கிக் கூப்பிட ஆரம்பித்தது. டாக்டர் ஐயாவை அழைத்து வந்தார்கள். அவர் பார்த்து, உயிர் போய் நேரமாகிவிட்டது, கம்பளி போர்த்தியிருந்ததால் அந்தச் சூடு என்று சொன்னார். மகள் இரண்டாவது தடவை அழுதது முதல் தடவையைவிடக் கொடுமை. கங்காணி இவரைத் தனியே கூப்பிட்டு, "டிரைவரு, நீங்க உங்க காரைத் தொடுங்க. எங்க வீட்டுப் பொணத்தைத் தொடாதீங்க" என்றார்.

இன்னொரு தடவை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவன் காய்ச்சல் என்று, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வரவில்லை. டாக்டர் ஐயா வெளியூர் போயிருந்தார். கங்காணிக்குச் சந்தேகம். எஞ்சின் வேலையில் இருந்த டிரைவரண்ணைக் கூப்பிட்டு, "நெத்தியைத் தொட்டுச் சொல்லுங்க" என்றார். இவர் தொட்டார். காய்ச்சல் இல்லை என்றார். அவனை மலைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. சுடுகிற எஞ்சினுக்குள் இருந்த கைக்கு அந்த நெற்றி குளிர்ச்சியாகப் பட்டிருக்கிறது. அவன் பிழைத்துக்கொண்டான். அதன் பிறகு யாராவது நெற்றியைத் தொடச் சொன்னால், "கை சரியில்லை" என்று டிரைவரண்ணே போய்விடுவார்.

அந்தக் காரில் ஒரு ஹீட்டர் இருந்தது. இங்கே அப்போது கார்களில் அது அபூர்வம். டாஷ்போர்டுக்குக் கீழே உருண்டையாக ஒரு பெட்டி, அதில் சின்னச் சின்னக் கதவுகள். எஞ்சினில் சுடும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக அந்தப் பெட்டிக்குள் வந்து இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். உள்ளே ஒரு விசிறி அந்தச் சூட்டை நம் கால் மேல் ஊதும். ஊத வேண்டும். எனக்குத் தெரிந்த நாளில் இருந்து அதிலிருந்து வந்தது பூனை மூச்சு மாதிரி ஒரு வெதுவெதுப்புத்தான். கார் துரையிடம் இருந்த காலத்திலேயே அவர் ஹீட்டர் சரியில்லை என்று சத்தம் போடுவாராம். "காருக்கு வயசாயிருச்சுங்க துரை" என்று இவர் சமாளித்திருக்கிறார்.

அந்தக் காரைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கார் புதிதாக இருந்தபோது கொழும்பிலிருந்து துரையையும் துரைசானியையும் ஏற்றிக்கொண்டு வருகிறார். ரம்பொடை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ஆவி அடித்து வண்டி நின்றுவிட்டது. துரைசானி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் வந்த ஒரு லொறி டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "இன்னமும் அந்த மூடியைக் கழட்டலையா நீங்க?" என்று சிரித்திருக்கிறான். எஞ்சின் தண்ணீர் நன்றாகச் சூடாகும் வரைக்கும் அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிக்கிற சின்னப் பித்தளைச் சாமான் அது. தெர்மோஸ்டாட் என்று பெயர். டிரைவர்மார் மூடி என்பார்கள். புதுக் கார் வந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிப் போடுவது அந்தக் காலத்தில் எல்லா டிரைவர்மாரும் செய்ததுதான். இவரும் எஞ்சின் ஆறியதும் கழற்றிப் பள்ளத்தில் வீசினார். பிறகு கார் கொதித்ததே இல்லை.

"வெள்ளைக்காரன் அவன் ஊருக் குளிருக்கு வச்ச மூடி அது. நம்ம நாட்டுக்கு எதுக்குங்க?" என்பார். இதைச் சொல்லும்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காது மூடக் குல்லாயும் போட்டிருப்பார். எங்கள் தோட்டத்தில் தை மாதம் விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கொழுந்து கருகிப்போகும். அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் அப்படிச் சொல்வார், நாங்களும் தலையாட்டிக் கேட்போம். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அப்படி ஒரு தை மாதக் காலையில் பார்வதி என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. கையில் எடுத்தால் ஒரு பாண் ரொட்டிக் கனம்தான். அழவில்லை, முனகியது. டாக்டர் ஐயா பார்த்துவிட்டு, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கும், ஆனால் போகிற வழியில் உடம்பு குளிர்ந்தால் போய்ச் சேராது என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் மார்கழியில் இதே மாதிரி ஒரு குறைமாதப் பிள்ளையைச் சுடுதண்ணீர்ப் போத்தல்களைச் சுற்றிலும் வைத்து இதே காரில் கொண்டுபோனோம். நான்தான் மடியில் வைத்திருந்தேன். லிந்துலை தாண்டும்போதே போத்தல்கள் ஆறிவிட்டன. நானுஓயாவில் பிள்ளை முனகுவதை நிறுத்திவிட்டது.

டாக்டர் ஐயா வெளியே வந்து டிரைவரண்ணிடம் கேட்டார். "ஹீட்டரை எப்படியாவது வேலை செய்ய வைக்க முடியுமா?"

"பார்க்கிறேங்க ஐயா."

"பார்க்கிறேன்னு சொல்லாதே. முடியுமா முடியாதா?"

"கையை வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேங்க."

டாக்டர் ஐயா கோபமாக உள்ளே போனார். பிள்ளையைப் பஞ்சில் சுற்றி அடுப்படியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கார் ஜன்னலுக்கு நேரே நின்றது. அதனால் அவர் செய்தது எல்லாம் பார்த்தேன்.

முதலில் எஞ்சினை ஓடவிட்டுப் பொனட்டைத் திறந்தார். எஞ்சின் தலையில் ஹீட்டருக்குத் தண்ணீர் விடுகிற சின்னக் குழாய்த் திருகு துருப்பிடித்துப் பாதி மூடியிருந்தது. எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தார். உள்ளே வந்து பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினார். இல்லை என்று தலையை ஆட்டினார். விசிறி மெதுவாகச் சுற்றுகிறதோ என்று கம்பியைச் சுரண்டி இறுக்கினார். விசிறி வேகமாக ஓடியது, ஆனால் குளிர்ந்த காற்றையே வேகமாக ஊதியது.

பார்வதியின் புருஷன் பக்கத்தில் நின்று, "சுடுதாண்ணே? சுடுதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அடே, வாயை மூடிக்கிட்டு ரெண்டு வாளி தண்ணி கொண்டா."

அவன் தண்ணீர்ப் பீலிக்கு ஓடினான். இவர் ரப்பர் குழாய்களைக் கழற்றி அந்தத் தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றினார். மறுபக்கம் செங்கல் கரைத்த மாதிரித் துருத் தண்ணீர் கொட்டியது. தெளியும் வரைக்கும் ஊற்றினார். குழாயை மாட்டி, உள்ளே அடைத்திருந்த காற்று புஸ்ஸென்று போகும் வரைக்கும் வளையத்தைத் தளர்த்தி வைத்திருந்து இறுக்கினார். முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. "இப்பப் பாரு" என்றார். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை ஒரு குழாயிலும் மற்றக் கையை மற்றக் குழாயிலும் வைத்தார்.

அப்படியே நின்றார்.

"என்னாண்ணே?"

"ஒண்ணு சுட்டு ஒண்ணு குளிர்ந்திருந்தா உள்ளுக்குள்ள அடைப்புன்னு சொல்லலாம். ரெண்டும் ஒரே சூடா இருக்கு. தண்ணி நல்லாத்தான் போய் வருது."

"அப்ப நல்லதுதானே?"

"ரெண்டும் வெதுவெதுன்னு இருக்குடா. பிள்ளை குளிக்கிற தண்ணி மாதிரி."

எஞ்சினை நிறுத்தினார். இன்னும் இரண்டு வாளி கொண்டுவரச் சொல்லி ரேடியேட்டர்த் தண்ணீரை மாற்றினார். மறுபடி கிளப்பியதும் ஓடிவந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல்குழாயில் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். எஞ்சின் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் இருக்கிற கொஞ்சச் சூடும் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மறிக்கிற மூடி இல்லையே. சூடாகச் சூடாக ரேடியேட்டரில் போய் ஆறிவிடுகிறது. எங்கள் குளிரில் எஞ்சின் எப்படிச் சூடேறும், ஹீட்டருக்கு எது மிஞ்சும்?

கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தார். ஜன்னலுக்குக் கிட்டே வந்தார்.

"தங்கச்சி, நான்தான் அந்த மூடியைக் கழட்டினேன்."

ரம்பொடைக் கதையைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"போன வருசம் கொண்டு போனோமே ஒரு பிள்ளை. அதுவும் இந்தக் காருதானே?"

நான் பஞ்சை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்படி மூலையில் கிடந்த அரிசிச் சாக்கைக் கேட்டார், கொடுத்தேன். அதை இரண்டாய் மடித்து ரேடியேட்டருக்கு முன்னால் முழுக்க மூடிக் கம்பியால் கட்டினார். காற்றுப் படாவிட்டால் தண்ணீர் ஆறாது. எஞ்சினை நன்றாக ஓடவிட்டார். குழாயைத் தொட்டவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுது!" என்றான் பார்வதியின் புருஷன், இவர் சொல்வதற்கு முன்னாலேயே.

டாக்டர் ஐயா வந்து ஹீட்டர் முன்னால் கையை வைத்துப் பார்த்தார். "சரி. ஆனா ஏத்தத்துல கொதிச்சு நின்னா? பாதி வழியில நின்னா எல்லாம் போச்சு."

"கொதிக்க விடமாட்டேங்க ஐயா."

"சூடு காட்டுற மீட்டர்தான் வேலை செய்யலையே. எப்படித் தெரியும்?"

அவர் கையைக் காட்டினார். டாக்டர் ஐயா பிள்ளையை ஏற்றச் சொன்னார்.

பின் சீட்டில் நான் பிள்ளையோடும், பக்கத்தில் பார்வதி, முன்னால் புருஷன். அக்கரப்பத்தனை வரைக்கும் இறக்கம்தான். உள்ளே அடுப்படியில் இருக்கிற மாதிரிச் சூடு. பார்வதி புருஷனுக்கு வேர்த்தது, கம்பளியைக் கழற்றினான். லிந்துலைக்கு அப்பால் ஏற்றம். அங்கிருந்து தொடங்கியது அவருடைய வேலை. கொஞ்ச தூரம் ஏறுவார், நிறுத்துவார், எஞ்சினை அணைக்காமல் இறங்கி ஓடிப் பொனட்டில் கையை வைப்பார். சாக்கைப் பாதி மேலே சுருட்டிக் கட்டுவார். ஏறுவார். சமதரை வந்தால் நிறுத்தி மறுபடி இறக்கிவிடுவார். மூடி செய்ய வேண்டிய வேலையை அவர் இறங்கி இறங்கிச் செய்தார். வெளியே மூடுபனி, ரோடு தெரியாது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹோன் அடித்துச் சிங்களத்தில் ஏசினான். இவரும் சிங்களத்திலேயே ஏதோ சொன்னார். அவன் ஹோன் அடிப்பதை விட்டுவிட்டுப் பொறுமையாகப் பின்னாலேயே வந்தான்.

நானுஓயா வந்தபோது பார்வதி அழ ஆரம்பித்தாள். போன வருஷத்துக் கதை தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"டிரைவரண்ணே, பிள்ளை சத்தம் காட்டலை. கொஞ்சம் தொட்டுப் பாருங்கண்ணே. நீங்க தொட்டுச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

அவர் அப்போதுதான் சாக்கைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். திரும்பினார். என் மடியில் பஞ்சுக்குள் முகம் மட்டும் தெரிகிற பிள்ளையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"என் கை குளிர்ந்துபோச்சும்மா. இதை அதுமேல வைக்கக்கூடாது. தங்கச்சியைத் தொடச் சொல்லு."

நான் பஞ்சுக்குள் விரலை விட்டுப் பாதத்தைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. என் கைக்கு அப்படி இருந்தது. அவருக்கு நடந்த மாதிரி எனக்கும் நடக்காது என்று என்ன நிச்சயம்? "சூடா இருக்கு" என்று சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒரு சிங்களத் தாதி பிள்ளையை வாங்கி மேசையில் வைத்துப் பஞ்சை விலக்கினாள். விரலின் பின்பக்கத்தால் வயிற்றைத் தொட்டாள். பாதத்தைத் தொட்டாள். "ரஸ்னெய்" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிரைவரண்ணே வாசலில் நின்றார். அவருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும்.

"என்னா சொன்னாங்க தங்கச்சி?"

"சூடா இருக்காம்ணே."

"ஆங்" என்றார். வெளியே போய்க் காரின் படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் திரும்பிப் புறப்படும்வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில், பிள்ளை பால் குடித்தது என்று தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. டாக்டர் ஐயா வந்து சொன்னபோது டிரைவரண்ணே அங்கே இல்லை. முதல் பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போயிருந்தார், அந்த மூடி கிடைக்குமா என்று கேட்க. இந்தச் சாமானைக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை என்று கடைக்காரர் சொன்னாராம். சாயங்கால பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். சாக்கை அவிழ்க்கவில்லை.